வேகம் சார்ந்த வலிமைப் பயிற்சி

வேகம் சார்ந்த வலிமைப் பயிற்சி என்பது, பளுவைத் தூக்கும்போது அது நகரும் வேகத்தை அளந்து, அந்த அளவைக் கொண்டு அன்றைய சுமையையும் தூக்க வேண்டிய தடவைகளின் எண்ணிக்கையையும் தீர்மானிக்கும் பயிற்சி முறையாகும். பார்பெல்லில் எத்தனை கிலோ ஏற்றப்பட்டுள்ளது என்பதோடு, அதை வீரர் எவ்வளவு விரைவாக நகர்த்துகிறார் என்பதும் இதில் கணக்கில் கொள்ளப்படுகிறது. பளுதூக்குதல், தடகளம், கிரிக்கெட், கால்பந்து எனப் பல துறைகளின் போட்டி வீரர்களுக்கு இது பயன்படுகிறது. பார்பெல்லின் எடை எல்லா நாளும் ஒன்றுதான். அதைத் தூக்கும் உடல் எல்லா நாளும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதே இம்முறையின் அடிப்படைக் கருத்து.

தேவை எழுந்த காரணம்

வலிமைப் பயிற்சியில் நெடுங்காலமாக வழக்கில் இருப்பது விழுக்காட்டு முறை. ஒரு வீரர் ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய மிக அதிக எடை முதலில் சோதித்து அறியப்படும். இதை உச்சச் சுமை என்பர். ஒருவரின் ஸ்குவாட் உச்சச் சுமை 100 கிலோ என்றால், '80 விழுக்காட்டில் 5 தடவை' என்னும் திட்டத்தின்படி அவர் 80 கிலோவைத் தோளில் வைத்து 5 தடவை அமர்ந்து எழ வேண்டும்.

இம்முறை எளிது. ஆனால் இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, உச்சச் சுமை நாளுக்கு நாள் மாறுகிறது. தூக்கக் குறைவு, காய்ச்சல், நீண்ட பயணம், தேர்வுக்கால மன அழுத்தம், முந்தைய நாள் விளையாடிய ஆட்டம் ஆகிய எல்லாம் அதைக் குறைக்கும். அன்று 80 கிலோ என்பது உண்மையில் 85 அல்லது 90 விழுக்காடாக இருக்கக்கூடும். இரண்டாவது, சில வாரப் பயிற்சிக்குப் பின் வலிமை கூடிவிடும். பழைய கணக்கில் எழுதிய சுமை அப்போது போதாமல் போகும். மூன்றாவது, உச்சச் சுமையைக் கண்டறியும் சோதனையே உடலைக் களைப்படையச் செய்வது. நுட்பம் முதிராத இளையோருக்கு அதில் காயம் நேரும் வாய்ப்பும் உண்டு.

இதன் முக்கியத்துவத்தைத் தமிழ்நாட்டுப் பளுதூக்கும் வீரர் ஒருவரின் வரலாற்றில் காணலாம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட் போட்டியில் 144, 173 என மொத்தம் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார். கோல்டு கோஸ்ட் போட்டிக்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடைத் தசையில் காயம் ஏற்பட்டதாகவும், முழுமையாகத் தேறாத நிலையிலேயே களமிறங்கியதாகவும் வெற்றிக்குப் பின் அவர் தெரிவித்தார். அவர் எந்தப் பயிற்சி முறையைப் பின்பற்றினார் என்பது இங்குப் பொருளல்ல. காயத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கும் வீரருக்கு, நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த உச்சச் சுமையை வைத்து விழுக்காடு கணக்கிட்டால் அது தவறான சுமையையே காட்டும். இன்று எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டறிய ஒரு வழி தேவைப்படுகிறது. வேகம் சார்ந்த பயிற்சி அத்தகைய வழிகளுள் ஒன்று.

அறிவியல் அடிப்படை

சுமை கூடினால் வேகம் குறையும் என்பது அனைவரும் அறிந்ததே. புத்தகப்பை காலியாக இருந்தால் சட்டென்று தூக்கிவிடலாம். நிறைந்திருந்தால் மெதுவாகவே எழும். இவ்வுறவைத் தசையளவில் ஆராய்ந்து சமன்பாடாகத் தந்தவர் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஆர்ச்சிபால்டு விவியன் ஹில். தசை வெப்பம் குறித்த ஆய்வுக்காக 1922 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற இவர், 1938 இல் தவளையின் தசையைக் கொண்டு, தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அந்த அளவுக்கு அது தரும் விசை குறைகிறது என்று காட்டினார்.

இதன் காரணம் தசையின் உள்ளமைப்பில் இருக்கிறது. தசை இழையில் மயோசின், ஆக்டின் என்னும் இரு புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால் சுருக்கம் உண்டாகிறது. சுருக்கம் விரைவாக நடந்தால், எந்த ஒரு கணத்திலும் பற்றியிருக்கும் இணைப்புகள் குறைவு. ஆகவே விசையும் குறைவு. மெதுவாக நடந்தால் இணைப்புகள் மிகுதி, விசையும் மிகுதி.

இதைப் பயிற்சிக்கூடத்துக்கு நேரடியாகப் பயன்படும் வடிவில் தந்தது, எசுப்பானிய ஆய்வாளர்கள் கோன்சாலஸ்-படில்லோ, சான்செஸ்-மெதினா ஆகியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு. 120 இளைஞர்களை பெஞ்ச் பிரஸ் செய்யச் சொல்லி அவர்கள் வேகத்தை அளந்தனர். உச்சச் சுமையின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ஏறத்தாழ ஒரு குறிப்பிட்ட வேகம் இருப்பது தெரிந்தது. அவர்களில் 56 பேர் ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் மீண்டும் சோதிக்கப்பட்டனர். அவர்களின் வலிமை சராசரியாக 9.3% கூடியிருந்தது. ஆனால் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் உரிய வேகம் அநேகமாக மாறவில்லை.

பெஞ்ச் பிரஸ்ஸில் அவ்வேகங்கள் தோராயமாகப் பின்வருமாறு:

உச்சச் சுமையில் 40% – விநாடிக்கு 1.15 மீட்டர்
60% – விநாடிக்கு 0.78 மீட்டர்
70% – விநாடிக்கு 0.62 மீட்டர்
80% – விநாடிக்கு 0.47 மீட்டர்
90% – விநாடிக்கு 0.32 மீட்டர்
100% – விநாடிக்கு 0.17 மீட்டர்

ஒருவர் 50 கிலோ தூக்குபவராயினும் 150 கிலோ தூக்குபவராயினும், பெஞ்ச் பிரஸ்ஸில் பளு விநாடிக்கு 0.47 மீட்டர் வேகத்தில் எழுந்தால் அது அவருடைய அன்றைய வலிமையில் ஏறத்தாழ 80% என்று கொள்ளலாம்.

இந்த எண்கள் எல்லாப் பயிற்சிகளுக்கும் பொருந்தா. உச்சச் சுமையைத் தூக்கும் வேகம் ஸ்குவாட்டில் விநாடிக்கு சுமார் 0.30 மீட்டர், டெட்லிஃப்டில் அதைவிடக் குறைவு. எனவே ஒவ்வொரு பயிற்சிக்கும் தனி அட்டவணை வேண்டும்.

இவை அனைத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு தடவையும் வீரர் தம்மால் இயன்ற முழு வேகத்தில் பளுவை மேலே தள்ள வேண்டும். வேண்டுமென்றே மெதுவாகத் தூக்கினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

வேகத்தை அளக்கும் கருவிகள்

1990களில் இத்தாலியைச் சேர்ந்த கார்மெலோ போஸ்கோ போன்ற ஆய்வாளர்கள் பயிற்சியின்போதே வேகத்தையும் திறனையும் காட்டும் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். இன்று நான்கு வகைக் கருவிகள் வழக்கில் உள்ளன.

கயிற்றுக் கருவி: தரையில் வைக்கப்பட்ட பெட்டியிலிருந்து வரும் மெல்லிய கயிற்றின் நுனி பார்பெல்லில் மாட்டப்படும். பளு எழும்போது கயிறு வெளியே இழுபடும் நீளத்தையும் நேரத்தையும் கொண்டு வேகம் கணக்கிடப்படும். நம்பகத்தன்மை மிகுந்தது, விலையும் மிகுதி.

முடுக்கமானி: பார்பெல்லிலோ கையிலோ கட்டும் சிறு கருவி. முடுக்கத்தை அளந்து அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடும். விலை குறைவு, பிழையும் சற்று கூடுதல்.

ஒளி சார்ந்த கருவி: லேசர் அல்லது கேமரா மூலம் பார்பெல்லின் பாதையைத் தொடர்வது.

கைப்பேசி: மெதுவியக்கக் காணொளி எடுத்து, பளு எழத் தொடங்கிய சட்டகத்தையும் நின்ற சட்டகத்தையும் குறித்து நேரத்தைக் கணக்கிடுவது.

கைப்பேசி முறையின் கணக்கு பள்ளி இயற்பியலில் வருவதே. வேகம் = கடந்த தொலைவு ÷ எடுத்த நேரம். பெஞ்ச் பிரஸ்ஸில் பார்பெல் மார்பிலிருந்து கை நீளும் வரை 0.36 மீட்டர் நகர்வதாகக் கொள்வோம். விநாடிக்கு 240 சட்டகங்கள் எடுக்கும் காணொளியில் இதற்கு 144 சட்டகங்கள் ஆனால், நேரம் 144 ÷ 240 = 0.6 விநாடி. சராசரி வேகம் 0.36 ÷ 0.6 = விநாடிக்கு 0.6 மீட்டர். சாதாரணக் காணொளியில் விநாடிக்கு 30 சட்டகங்களே இருப்பதால் ஒரு சட்டகம் தவறினாலும் இந்தக் கணக்கில் 5 விழுக்காட்டுக்கு மேல் பிழை வரும். அதனால்தான் மெதுவியக்கக் காணொளி தேவைப்படுகிறது.

பயன்படுத்தும் முறைகள்

1. அன்றைய சுமையைத் தீர்மானித்தல்

ஒரு வீராங்கனை நல்ல நிலையில் உள்ள நாட்களில் ஸ்குவாட்டில் 40 கிலோவை விநாடிக்கு 1.00 மீட்டர் வேகத்திலும், 60 கிலோவை 0.80 வேகத்திலும், 80 கிலோவை 0.60 வேகத்திலும் தூக்குகிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு கிலோவுக்கும் வேகம் 0.01 குறைகிறது. இக்கோட்டை 0.30 வரை நீட்டினால் 110 கிலோ வருகிறது. முழு எடையையும் தூக்கிப் பார்க்காமலேயே அவருடைய உச்சச் சுமை சுமார் 110 கிலோ என்று மதிப்பிடலாம்.

இன்று உடலைச் சூடேற்றும் கட்டத்தில் அதே 60 கிலோ 0.72 வேகத்தில்தான் எழுகிறது. 0.08 குறைவு என்பது ஏறத்தாழ 8 கிலோ குறைவுக்குச் சமம். எனவே இன்று திட்டமிட்ட 80 கிலோவுக்குப் பதிலாக 72 கிலோ அளவே போதும். மாறாக 0.88 வேகத்தில் எழுந்தால் சுமையைக் கூட்டலாம். 0.02, 0.03 போன்ற சிறு வேறுபாடுகள் கருவியின் பிழையாகவும் இருக்கலாம் என்பதால் அவற்றைக் கொண்டு திட்டத்தை மாற்றுவதில்லை.

2. எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்தல்

ஒரு செட்டில் தொடர்ந்து தூக்கும்போது களைப்பால் வேகம் குறைந்துகொண்டே வரும். இந்தக் குறைவு வேக இழப்பு எனப்படும். 20% இழப்பில் நிறுத்துவது என்று முடிவு செய்தால், முதல் தடவை 0.70 வேகம் என்றால் 0.56 என்பது எல்லை. 0.70, 0.69, 0.66, 0.62, 0.58, 0.55 என்று வந்தால் ஆறாவது தடவையோடு செட் முடிகிறது. களைத்திருக்கும் நாளில் அது நான்காவதிலேயே முடியலாம்.

கை கால் நடுங்கி, இனி ஒரு தடவையும் முடியாது என்னும் நிலை வரை தூக்குவதே நல்ல பயிற்சி என்ற எண்ணம் உடற்பயிற்சிக் கூடங்களில் பரவலாக உள்ளது. இதைச் சோதித்த பரேஹா-பிளாங்கோ குழுவினரின் ஆய்வு 2017 இல் வெளியானது. எட்டு வாரங்கள் ஒரு குழு ஸ்குவாட்டில் 20% வேக இழப்பில் நிறுத்தியது. மற்றொரு குழு 40% வரை தொடர்ந்தது. முதல் குழு ஏறத்தாழ 40% குறைவான தடவைகளே தூக்கியது. எனினும் இரு குழுக்களுக்கும் ஸ்குவாட் வலிமை ஒரே அளவில் கூடியது. குதிக்கும் உயரமோ முதல் குழுவுக்கு 9.5 விழுக்காடும் இரண்டாம் குழுவுக்கு 3.5 விழுக்காடும் கூடியது. தசைப் பருமன் இரண்டாம் குழுவுக்கே மிகுதியாகக் கூடியது. ஆனால் அவர்களின் தசையில் மிக விரைவாகச் சுருங்கும் இழை வகையின் பங்கு குறைந்திருந்தது. உடற்கட்டழகுப் போட்டியாளருக்கு இரண்டாம் வழி பொருந்தலாம். ஓடவும் தாண்டவும் வேண்டியவருக்குக் குறைவாகத் தூக்கி விரைவாகத் தூக்குவதே நன்மை என்பது இதிலிருந்து தெரிகிறது.

3. உடனடிப் பின்னூட்டம்

ஒவ்வொரு தடவையும் வேகம் திரையில் தெரிந்தால் வீரர் அடுத்த தடவை இன்னும் முயன்று தள்ளுகிறார். இருவர் சேர்ந்து பயிற்சி செய்தால் அது போட்டியாகவும் மாறும். பயிற்சியாளர் குரல் கொடுத்து ஊக்குவிப்பதைவிட எண் தெளிவாகப் பேசும்.

விளையாட்டுக்கேற்ற வேகம்

எந்த வேகத்தில் பயிற்சி செய்வது என்பது விளையாட்டைப் பொறுத்தது. அமெரிக்கப் பயிற்சியாளர் பிரையன் மான் வேகங்களை மண்டலங்களாகப் பிரித்துள்ளார். விநாடிக்கு 0.5 மீட்டருக்குக் குறைவானது முழு வலிமைக்கான மண்டலம், 0.5 முதல் 0.75 வரை பளுவை முடுக்கும் வலிமைக்கானது, 0.75 முதல் 1.0 வரை வலிமைக்கு முதலிடமும் வேகத்துக்கு அடுத்த இடமும் தருவது, 1.0 முதல் 1.3 வரை வேகத்துக்கு முதலிடம் தருவது. அதற்கு மேல், அசையா நிலையிலிருந்து சட்டென்று கிளம்பும் ஆற்றலுக்கானது.

விரைவோட்டத்தில் உச்ச வேகத்தில் ஒரு பாதம் தரையில் படும் நேரம் சுமார் 0.1 விநாடி மட்டுமே. நீளம் தாண்டுதலில் பலகையில் கால் ஊன்றி எழும் நேரமும் அதற்குச் சற்றே கூடுதல். தசை தன் முழு விசையையும் எட்ட 0.3 விநாடி அல்லது அதற்கு மேல் ஆகும். அதாவது, முழு விசையும் வருவதற்குள் வீரரின் கால் தரையை விட்டு நீங்கிவிடுகிறது. 2023 மார்ச் மாதம் 8.42 மீட்டர் நீளம் தாண்டித் தேசிய சாதனை படைத்த ஜெஸ்வின் ஆல்ட்ரின், அதே ஆண்டு மே மாதம் கியூபாவின் ஹவானாவில் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்த பிரவீன் சித்திரவேல் ஆகிய தமிழக வீரர்களின் துறைகள் இத்தகையவை. இத்துறைகளில் எத்தனை கிலோ தூக்க முடியும் என்பதோடு, அந்த வலிமையில் எவ்வளவு பங்கைக் கண நேரத்தில் வெளிக்கொணர முடியும் என்பதும் முக்கியம்.

பளுதூக்குதலுக்கு வேறு கணக்கு உண்டு. ஸ்னாட்ச்சில் பளுவை மெதுவாகத் தூக்க இயலாது. குறிப்பிட்ட வேகம் கிடைக்காவிட்டால், வீரர் அடியில் அமர்ந்து பிடிக்கும் உயரத்துக்குப் பளு எழாது. ஆகவே இங்குச் சராசரி வேகத்தைவிட, இழுப்பின் முடிவில் பளு அடையும் உச்ச வேகமே கவனிக்கப்படுகிறது. அது சிறிதளவு குறைந்தாலும் அடுத்த முயற்சி தவறக்கூடும் என்பதற்கு அறிகுறி.

வரம்புகள்

அட்டவணையில் உள்ள வேகங்கள் பலரின் சராசரி. கை கால் நீளம், பயிற்சி அனுபவம் ஆகியவற்றால் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. எனவே ஒவ்வொரு வீரருக்கும் தனி அட்டவணை தயாரிப்பதே சிறந்தது. ஒரு கருவியில் எடுத்த எண்ணை வேறு கருவியின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது. ஸ்குவாட்டில் ஒரு நாள் முழுமையாகவும் மறுநாள் அரைகுறையாகவும் அமர்ந்தால் எண்கள் மாறிவிடும். நுட்பம் இன்னும் படியாத தொடக்கநிலையினரின் வேகம் தடவைக்குத் தடவை மாறும். அவர்களுக்கு முதலில் தேவை சரியான உடல்நிலையும் குறைந்த சுமையும் அருகில் ஒரு பயிற்சியாளரும்தான். மேலும், வேகம் களைப்பைக் காட்டும், வலியைக் காட்டாது. மூட்டிலோ தசையிலோ வலி இருந்தால், எண் நன்றாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

தமிழ்நாட்டுச் சூழலில்

தமிழகத்தின் தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கி இளைஞர்கள் தம் வலிமையைக் காட்டும் வழக்கம் இருந்தது. உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் கொண்டுசென்று பின்னே எறிய முடிந்ததா இல்லையா என்பதே அங்குக் கேள்வி. பெரும்பாலான உடற்பயிற்சிக் கூடங்களிலும் இன்றுவரை இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. எவ்வளவு விரைவாக எழுந்தது என்ற கேள்வியைச் சேர்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை.

சென்னையின் தெற்கே, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது. உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் அங்கு உருவாகின்றனர். ஆனால் தாம்பரம், படப்பை, வண்டலூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் பயிற்சி பெறும் மாணவர்களில் பலருக்கு ஒரு பார்பெல்லும் ஒரு கைப்பேசியுமே வாய்க்கின்றன. விடியற்காலை மைதானம், பிறகு பேருந்தில் பள்ளி அல்லது கல்லூரி, மாலையில் மீண்டும் பயிற்சி என்று நாள் ஓடும் மாணவருக்கு உடல்நிலை நாளுக்கு நாள் மாறுவது இயல்பு. வெயில் காலத்தில் வியர்வையும் நீரிழப்பும் இதைக் கூட்டும். அத்தகையோர் பின்வரும் எளிய வழிகளைக் கையாளலாம்.

முதலாவது, வாரந்தோறும் ஒரே எடையை ஒரே கோணத்தில் கைப்பேசியில் பதிவு செய்து, மேலே காட்டியபடி வேகத்தைக் கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவருதல். இரண்டு மாதங்களில் அவரவர்க்குரிய அட்டவணை உருவாகிவிடும்.

இரண்டாவது, பயிற்சிக்கு முன் நின்ற இடத்திலிருந்து மேலே குதித்துப் பார்த்தல். கால் தரையை விட்டுப் படும் வரையிலான நேரம் தெரிந்தால் உயரம் = 9.8 × நேரம் × நேரம் ÷ 8. நேரம் 0.50 விநாடி என்றால் உயரம் சுமார் 31 சென்டிமீட்டர், 0.46 விநாடி என்றால் 26 சென்டிமீட்டர். வழக்கமாக 31 குதிப்பவர் ஒரு நாள் 26 மட்டுமே குதித்தால் கால்கள் களைத்திருக்கின்றன என்று பொருள். அன்று சுமையைக் குறைப்பது நல்லது.

மூன்றாவது, எந்த அளவீடும் இல்லாதபோது, பளு எழுவது கண்ணுக்குத் தெரியும்படி மந்தமாகும் தடவையோடு செட்டை நிறுத்துதல். இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்கும் தெம்பு மீதமிருக்கும்போதே இறக்கி வைப்பது சோம்பலாகாது. மறுநாள் பயிற்சிக்கு வரும் உடலைக் காப்பதாகும்.

பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து இதை ஒரு செயல்திட்டமாக நடத்த முடியும். தொலைவு, நேரம், வேகம், நேர்கோட்டு வரைபடம் ஆகிய பாடங்கள் அனைத்தும் இதில் அடங்கும். தன் உடலின் எண்ணைத் தானே அளந்து எழுதிப் பழகிய மாணவர், 'இன்று சுமையைக் குறைத்துக்கொள்ளலாமா?' என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் கேட்கவும், அதற்குக் காரணம் காட்டவும் கற்றுக்கொள்கிறார்.